கடன் நோட்டிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் பாடம்



நம் பிள்ளைகள் மேல்நிலை வகுப்பில் கம்ப்யூட்டர் பாடத்தில் ‘டேட்டாபேஸ்’ என்று ஒன்று படிக்கிறார்கள். தமிழ்ப் புத்தகத்தில் தரவுத்தளம் என்று போட்டிருக்கிறது. பெயரைக் கேட்டால் ஏதோ பெரிய விஷயம் போலத் தோன்றும். உண்மையில் நாமும் நம் தகப்பனாரும் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருவதுதான் அது: விவரத்தை ஒழுங்காகப் பிரித்து எழுதி, வேண்டும்போது உடனே எடுப்பது. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நம்மைவிடத் தகுந்தவர் யார்? இதை எழுத நேர்ந்ததற்கு என் கடையில் நடந்த ஒரு சம்பவம் காரணம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கடையில் கம்ப்யூட்டர் பில் போட ஆரம்பித்தோம். கடன் வாடிக்கையாளர் பெயரில் மூன்று எழுத்தை அடித்தால் பெயர்ப் பட்டியல் வரும். என்டர் தட்டினால் பற்று ஏறிவிடும். எங்கள் கடையில் கடன் கணக்கு வைத்திருக்கும் முருகேசன்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், மற்றவர் கொத்தனார். பட்டியலில் இரண்டு இடத்திலும் ‘முருகேசன்’ என்று மட்டும்தான் இருக்கும். கல்லாவில் நின்ற தம்பி, மாலை நேரக் கூட்டத்தில், மேலே நிற்கும் பெயரிலேயே என்டர் தட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு மாதத்தில் கொத்தனார் வாங்கிய சரக்கு 2,340 ரூபாய்க்கு ஆசிரியர் கணக்கில் ஏறிவிட்டது. நான் என்ன செய்தேன்? கடையில் நாலு பேர் நிற்கும்போதே, “சார், பாக்கி கொஞ்சம் கூடிப்போச்சே” என்றேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முழுப் பணத்தையும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு கடைப் பக்கம் வரவே இல்லை. பதினான்கு வருட வாடிக்கை. இரண்டு மாதம் கழித்துக் கொத்தனாரே வந்து, “அண்ணாச்சி, என் கணக்கில் கம்மியா இருக்கே” என்று சொன்ன பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. பணத்தை எடுத்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வாங்கிக்கொண்டார், காபியும் கொடுத்தார். ஆனால் மளிகை இன்றுவரை வேறு கடையில்தான் வாங்குகிறார்.

தம்பியைக் கோபித்துக்கொண்டேன். அது தவறு என்று எனக்கு உணர்த்தியது என் மகள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். “அப்பா, ரெண்டு பேரையும் பிரித்துக் காட்டாத ஃபாரத்தைக் கொடுத்துவிட்டு அவரைத் திட்டினால் எப்படி?” என்றாள். ஃபாரம் என்றால் விவரத்தை உள்ளே ஏற்றுவதற்குத் திரையில் வரும் படிவம். அவள் பள்ளியில் அப்போது அந்தப் பாடம்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அங்கே எடுத்துக்காட்டு என்னவென்றால், மாணவர் பெயர், வரிசை எண், மதிப்பெண். எல்லாப் புத்தகத்திலும் அதே மூன்று. தப்பாக அடித்தால் யாருக்கும் எதுவும் போகாது. அதனால் யாருக்கும் எதுவும் புரிவதும் இல்லை.

கணிப்பொறி ஆசிரியையிடம் பேசி, ஞாயிறு மதியம் கடை மூடிய பிறகு, நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரை வைத்துக்கொண்டு, கடன் நோட்டையே பாடமாக எடுத்துக்கொண்டோம். நோட்டில் உள்ள பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் முதலில் மாற்றி எழுதிவிட்டேன். யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது ஊருக்குத் தெரிய வேண்டிய செய்தி அல்ல. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே நிறைவேறிவிட்டது. சட்டம் வராவிட்டாலும் கடைக்காரன் வாய் அடங்கித்தான் இருக்க வேண்டும்.

பேரேட்டுப் பக்க எண்

கணக்குப் பிள்ளை வைத்துக் கணக்கு எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். அன்றாட வரவு செலவு குறிப்பேட்டில் ஏறும். பின்னர் ஒவ்வோர் ஆசாமிக்கும் பேரேட்டில் ஒதுக்கிய பக்கத்துக்குப் போகும். குறிப்பேட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘பே.ப. எண்’ என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். பேரேட்டுப் பக்க எண். ஊரில் எத்தனை முருகேசன் இருந்தாலும் 47-ஆம் பக்கம் ஒருவருக்குத்தான். கணக்குப் பிள்ளை ஆளைப் பெயரால் அல்ல, பக்கத்தால்தான் அறிவார்.

டேட்டாபேஸில் இதற்கு ‘பிரைமரி கீ’ என்று பெயர். முதன்மைத் திறவுகோல் என்று புத்தகம் சொல்கிறது. ஒரு பதிவை மற்றதிலிருந்து சந்தேகமில்லாமல் பிரித்துக் காட்டும் எண். விவரங்களை அட்டவணை அட்டவணையாக வைத்து, ஒன்றை மற்றொன்றோடு இப்படிப்பட்ட திறவுகோலால் இணைக்கலாம் என்ற முறையை 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த காட் என்ற கணித அறிஞர் வகுத்துச் சொன்னார். இன்று வங்கி முதல் ரயில்வே வரை ஓடுவது பெரும்பாலும் அந்த வழியில்தான். பேரேட்டில் பக்க எண் போட்டவருக்கு அதைப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். என் மகளுக்கும் பழைய பேரேட்டைப் பரணிலிருந்து இறக்கிக் காட்டிய பிறகுதான் புரிந்தது.

முதல் வாரம் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டார்கள்: தேதி, பெயர், தெரு, போன், சரக்கு, அளவு, விலை. நாற்பது வரி ஏற்றிய பிறகு, “இவர் போன் நம்பரை மாற்றிவிட்டார், இப்போது என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். பதினோரு இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது. ஒன்பது இடத்தில் மாற்றினார்கள். இரண்டு விட்டுப்போயிற்று. எது சரியான நம்பர் என்று இனி அந்த அட்டவணை சொல்லாது. அங்கேயே பாடம் ஏறிவிட்டது. வாடிக்கையாளர் விவரம் ஓர் அட்டவணை, சரக்கு விவரம் ஓர் அட்டவணை, பில் தலைப்பு ஓர் அட்டவணை, பில்லில் உள்ள வரிகள் ஓர் அட்டவணை என்று நான்காகப் பிரித்தார்கள். ஒரு வாடிக்கையாளருக்குப் பல பில், ஒரு பில்லுக்குப் பல வரி, இணைப்பது எண்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது; மென்பொருள் விற்பவர்களில் சிலரே சறுக்கும் இடம். விலையும் வரி விகிதமும் சரக்கு அட்டவணையில் இருந்தால் போதாதா, பில் வரியில் மறுபடி எதற்கு என்று ஒரு பையன் கேட்டான். இரண்டு இடத்தில் எழுதக்கூடாது என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்? நல்ல கேள்வி. 2025 செப்டம்பர் 22 அன்று சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5-க்கும், நெய் 12-லிருந்து 5-க்கும் இறங்கியது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சரக்கு அட்டவணையில் மட்டும் விகிதம் வைத்து அதை மாற்றிவிட்டால், ஆகஸ்ட் மாத பில்லைத் திரும்ப அச்சடிக்கும்போதும் 5 சதவீதம் என்று வரும். நாம் கட்டிய வரியோ 18. அதிகாரி வந்து கேட்டால் என்ன சொல்வது? விற்ற அன்று என்ன விலை, என்ன வரி என்பது பில்லுக்குச் சொந்தமான விவரம். இன்றைய விலை சரக்குக்குச் சொந்தமானது. இரண்டும் பார்க்க ஒன்று போல இருந்தாலும் வேறு வேறு. இதைப் புரிந்துகொண்ட அந்தப் பையனை அன்றைக்கே கடையில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

எண் போல இருப்பதெல்லாம் எண் அல்ல

ஒவ்வொரு கட்டத்துக்கும், அதாவது புலத்துக்கும், அது எழுத்தா, எண்ணா, தேதியா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிள்ளைகள் போன் நம்பரை எண் என்று போட்டார்கள். விருதுநகர் எஸ்.டி.டி. குறியீடு 04562 என்று அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் மறைந்து 4562 என்று நின்றது. பதின்மூன்று இலக்க பார்கோடு எண்ணை எக்ஸெல் தாளில் அடித்தால் 8.9 என்று தொடங்கி ஏதோ சூத்திரம் போலக் காட்டுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். விதி எளியது. எதைக் கூட்டிக் கழிக்கப் போகிறோமோ அதுதான் எண். போன், பின்கோடு, பார்கோடு, ஜி.எஸ்.டி. எண் யாவும் எழுத்து. யாராவது இரண்டு போன் நம்பரைக் கூட்டிப் பார்ப்பார்களா?

தேதி இன்னொரு வம்பு. 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க வழக்கப்படி அமைத்த கம்ப்யூட்டருக்கு மார்ச் 4. காலாவதித் தேதியில் இந்தக் குழப்பம் வந்தால், நல்ல சரக்கைத் திருப்பி அனுப்புவோம், அல்லது கெட்டதை அலமாரியில் வைத்திருப்போம். 12-க்கு மேற்பட்ட தேதிகளில் தவறு தானே பிடிபட்டுவிடும். முதல் பன்னிரண்டு நாட்களில்தான் ஒளிந்துகொள்ளும். அதனால் மாதத்தை எண்ணாக அடிக்க விடாமல், பெயராகத் தேர்ந்தெடுக்கும்படி ஃபாரத்தில் வைத்தோம்.

கல்லாவில் நின்று பார்த்த ஃபாரம்

அட்டவணை சரியாக அமைந்தாலும், அதற்குள் விவரம் போகும் வாசல் ஃபாரம்தான். வாசலில் தவறினால் உள்ளே போன பிறகு எந்தக் கம்ப்யூட்டரும் திருத்தாது. ஆகவே இதற்குத்தான் அதிக நேரம் கொடுத்தோம். கருவி லிபர்ஆபிஸ் பேஸ், இலவசமாகக் கிடைப்பது. ஆனால் முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரைத் தொடவிடவில்லை. வெள்ளைத் தாளில் ஃபாரத்தை வரையச் சொன்னோம். வரைந்ததை எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, கல்லாவுக்குப் பின்னால் அரை மணி நேரம் நிற்கச் சொன்னோம்.

அந்த அரை மணியில் பாதித் தாள்கள் கிழிந்தன. பிள்ளைகள் பெயர், முகவரி, போன், பிறகு சரக்கு என்று அழகாக வரிசை போட்டிருந்தார்கள். வாடிக்கையாளரோ வந்ததும், “துவரம்பருப்பு ஒரு கிலோ, நல்லெண்ணெய் அரை லிட்டர்” என்றுதான் ஆரம்பிக்கிறார். கணக்கில் எழுதுவதா, ரொக்கமா என்பது கடைசியில்தான் தெரிகிறது. ஆள் பேசுகிற வரிசையில் கட்டங்கள் இருக்க வேண்டும்; ஒன்றை முடித்ததும் அடுத்ததற்குத் தானாகப் போக வேண்டும். ஒரு கை தராசில் இருக்கும்போது மவுஸைத் தேட முடியாது. தொண்ணூறுகளில் ஃபாக்ஸ்புரோவில் எழுதிய கறுப்புத் திரை பில் புரோகிராம்களை நம்மில் பலர் ஓட்டியிருக்கிறோம். அழகு கிடையாது. ஆனால் கை கீபோர்டை விட்டு நகராது. இன்றைய வண்ணத்திரைகளில் அந்த வேகம் குறைந்துதான் போயிற்று என்பது என் கருத்து.

பெயர்க் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாதிரியைப் பார்த்து ‘முதற்பெயர்’, ‘குடும்பப்பெயர்’ என்று இரண்டு கட்டம் வைத்திருந்தார்கள். நம் ஊரில் யாருக்குக் குடும்பப்பெயர்? இனிஷியலும் பெயரும்தான். அந்த இனிஷியலும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. பெண்களுக்குத் திருமணத்துக்குப் பிறகு மாறவும் கூடும். ஆங்கிலத்தில் அடித்தால் கணேசனுக்கு ஒரே ‘எஸ்’ ஒரு நாள், ‘எஸ்.எச்.’ மறுநாள். ஆக, பெயருக்கு ஒரே கட்டம், இனிஷியலுக்குத் தனிக் கட்டம், அதோடு ‘அடையாளம்’ என்று மூன்றாவது கட்டம் வைத்தோம். கடன் நோட்டில் நாம் எப்படி எழுதுகிறோம்? டெய்லர் கணேசன். வேப்பமரத்து வீட்டு அக்கா. மாடிவீட்டு சார். அந்த அறிவு நோட்டில் இருந்தது. கம்ப்யூட்டருக்கு வரும்போது வழியில் விழுந்துவிட்டது. என் முருகேசன் சங்கதி அதுதான்.

அளவுக்குப் பக்கத்தில் கிலோ, கிராம், லிட்டர், பாக்கெட், மூட்டை என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல். அதைத் தட்டச்சு செய்ய விட்டால் ‘கி’, ‘கிலோ’, ‘கே.ஜி.’ என்று மூன்று விதமாக ஏறி, மாதக் கடைசியில் கூட்டல் மூன்றாகப் பிரிந்து நிற்கும். மிளகு என்று அடித்து அளவில் 50 என்று போட்டால், அது 50 கிராமா, 50 கிலோவா? சில்லறை பில்லில் 50 கிலோ மிளகு வந்தால் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மறுக்கக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். கல்யாண வீட்டு ஆர்டராகவும் இருக்கலாம். ஆனால் எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்டால், தம்பி படிக்காமலேயே ‘ஆம்’ தட்டப் பழகிவிடுவான். பத்து எச்சரிக்கை வைத்திருந்த ஒரு பிள்ளையின் ஃபாரத்தை மூன்றாகக் குறைத்தோம்.

‘கட்டாயம்’ என்ற குறியைப் பற்றியும் அப்படித்தான். பிள்ளைகளுக்கு எல்லாக் கட்டத்தையும் கட்டாயமாக்கப் பிடிக்கும். போன் நம்பர் இல்லாமல் பதிவு ஆகாது என்று வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் 9999999999 என்று ஆறு பதிவு! வெற்றுக் கட்டமாக இருந்தால் ‘தெரியாது’ என்றாவது தெரியும். பொய் நம்பர் உண்மை போல நிற்கும். கடன் கொடுக்கும்போது போன் கட்டாயம், ரொக்கத்துக்கு வேண்டாம் என்று பின்னர் மாற்றினார்கள்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண் பதினைந்து எழுத்து: முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33, அடுத்த பத்து அவருடைய பான் எண், பதினைந்தாவது சோதனைக் குறி. ஓர் எழுத்து மாறிப் போனால் உள்ளீட்டு வரி வரவு அவர் கணக்கில் தெரியாது. சண்டை நம்மிடம் வரும். பதினைந்து இருக்கிறதா, தொடக்கம் சரியா என்று ஃபாரத்தையே பார்க்கச் செய்யலாம்.

சோதனைக் குறி என்பது என்ன என்று பிள்ளைகள் கேட்டபோது, பார்கோடை எடுத்துக் காட்டினோம். இந்தியாவில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பார்கோடு 890 என்று தொடங்கும். 890123456789 என்று பன்னிரண்டு இலக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவை 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. மொத்தம் 130. அதற்குச் சமமான அல்லது அடுத்து வரும் பத்தின் மடங்குக்கு எவ்வளவு தேவை? இங்கே பூஜ்யம். அதுதான் பதின்மூன்றாவது இலக்கம். நடுவில் 45 என்பதை 54 என்று மாற்றி அடித்தால் மொத்தம் 128 ஆகிவிடும், தேவைப்படுவது 2, இருப்பது 0, தவறு பிடிபட்டது. ஏதாவது ஒரே ஓர் இலக்கம் மாறினால் எப்போதும் பிடிபடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால், அவற்றுக்கு இடையே வித்தியாசம் சரியாக ஐந்தாக இருந்தால் மட்டும் தப்பிவிடும். 1-உம் 6-உம் போல. பிள்ளைகள் கடையில் இருந்த பிஸ்கட், சோப்பு, டீத்தூள் எல்லாவற்றையும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அன்று அலமாரியைத் திரும்ப அடுக்க ஒன்பது மணி ஆயிற்று.

அழிக்கும் பொத்தானைப் பற்றி எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வாக்குவாதம். ‘சேமி’ பொத்தானுக்குப் பக்கத்திலேயே ‘அழி’ பொத்தானை வைத்திருந்தார்கள். தள்ளி வைத்தால் போதும் என்றார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன் நான். பேரேட்டில் அழித்து எழுதுகிற வழக்கம் நமக்குக் கிடையாது. தவறு நேர்ந்தால் எதிர்ப்பதிவு போட்டு நேர் செய்வோம், இரண்டு வரியும் கண்ணுக்குத் தெரியும். அழிக்க வசதி கொடுத்தால் தவறும் மறையும், திருட்டும் மறையும். கடைசியில் ‘ரத்து’ என்று ஒரு குறியும், ரத்து செய்தவர் பெயரும் நேரமும் பதியும்படி செய்தார்கள்.

எட்டு ஞாயிறு ஆயிற்று. பிள்ளைகள் செய்த ஃபாரம் இப்போது என் கடையில், கடன் கணக்குக்கு மட்டும், ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று எழுத்து அடித்தால் ‘முருகேசன், கொத்தனார், தெற்குத் தெரு, பாக்கி இவ்வளவு’ என்று ஒரு வரி. ‘முருகேசன், ஆசிரியர், பள்ளிக்கூடத் தெரு, பாக்கி 0’ என்று அடுத்த வரி. அந்த இரண்டாவது வரியை எடுத்துவிடலாமா என்று மகள் கேட்டாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. வாடிக்கையாளர் வாங்கிய சரக்கைத் திருப்பிக் கொண்டுவந்தால், அதில் பாதியைப் பிரித்துப் பயன்படுத்தியிருந்தால், எந்தக் கட்டத்தில் எப்படி ஏற்றுவது என்று பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் அதை எடுக்கப் போகிறோம். தங்கள் கடையில் இதை எப்படி எழுதுகிறார்கள் என்று உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சொன்னால் உதவியாக இருக்கும். முடிந்தால் அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள், பெயர்களை மறைத்துவிட்டு.